மூடுபனி விளக்கு ஒப்பீட்டுக் குழு

அந்தோணிராஜ் செய்த தப்பு ஒன்றே ஒன்றுதான். ஓர் அதிகாரியிடம் கேள்வி கேட்டான்.

மற்றபடி அவனைக் குறை சொல்ல எங்கள் தெருவில் ஆள் கிடையாது. நானும் தேடிப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன். குட்டியானை என்கிறார்களே, அந்தச் சின்ன லோடு வண்டி ஒன்று வைத்திருந்தான். விடிவதற்கு முன்னால் தெருப் பெண்களை அதில் ஏற்றிக்கொண்டு போய் மரக்காணம் உப்பளத்தில் இறக்குவான். வெயில் ஏறுவதற்குள் பாத்தியில் பாதி வேலை முடிந்திருக்க வேண்டும், அதனால் அந்த நேரம். அவன் பெண்சாதி ஆரோக்கியசெல்வியும் அதில்தான் போவாள். முன் சீட்டு மட்டும் கொளஞ்சியம்மாளுக்கு. முழங்கால் வலி என்று காரணம் சொல்வாள். அங்கே உட்கார்ந்தால்தான் வழி நெடுக அவனைத் திட்டிக்கொண்டு வர முடியும் என்பதுதான் நிஜம்.

தை மாதத்தில் உப்பளத்து வளைவில் பனி இறங்கினால், எதிரே வருவது பஸ்ஸா மாடா என்பது இடித்த பிறகுதான் தெரியும். அப்படியொரு பனியில் அவன் வண்டி ரோட்டை விட்டு வாய்க்காலில் இறங்கிவிட்டது. பெரிய சேதமில்லை. கொளஞ்சியம்மாளுக்கு மட்டும் முன்பல் இரண்டு போயிற்று.

"ஏம்பா அந்தோணி, ஒன்னு கண்ண மாத்து, இல்ல லைட்ட மாத்து" என்றாள், முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு.

கண்ணை மாற்ற வசதியில்லாததால் புதுச்சேரிக்குப் போனான். கடைக்காரர் மூன்று ஜோடி எல்இடி ஃபாக் லைட்டை எரியவிட்டுக் காட்டினார். சுவரில் எல்லாம் ஒரே மாதிரிதான் தெரிந்தன. எந்த ஜோடியைப் போட்டபோது கடைக்காரரே முகத்தைத் திருப்பிக்கொண்டாரோ, அந்த ஜோடியை வாங்கி வந்து மாட்டினான். ஒப்பீடு அத்தோடு முடிந்ததென்று நினைத்தான்.

ஒரு வாரம்கூட ஆகியிருக்காது. வண்டி ஆய்வாளர் சடையப்பன் வளைவில் கை காட்டி நிறுத்தினார்.

"லைட்டு ரொம்ப பிரைட்டா இருக்குது. எறங்கு."

"பனி சார்."

"பனின்னா? அளவுக்கு மீறி வெளிச்சம் வெச்சிருந்தா குத்தம்."

அந்த இடத்தில்தான் கேட்டான். "அளவு எவ்ளோ சார்?"

சரக்கு வண்டியில் ஆள் ஏற்றியதைப் பற்றி ஒரு வார்த்தை வரவில்லை. பின்னால் பெண்கள் மூட்டை மாதிரி நெருக்கி உட்கார்ந்திருந்தார்கள்; மூட்டையை யார் கவனிப்பார்கள்? ஆனால் இந்தக் கேள்வி சடையப்பனைக் கலக்கிவிட்டது. சட்டத்தில் எங்கோ ஓர் அளவு எழுதியிருக்கத்தான் செய்யும். அதை அளக்கும் கருவி அவர் ஆபீசில் இல்லை. எந்த ஆபீசில் இருக்கிறது என்பதும் அவருக்குத் தெரியாது.

"தெனாவெட்டா?" என்றார். வண்டியைப் பிடித்து வைத்துக்கொண்டார். பெண்கள் இறங்கி மிச்ச தூரத்தை நடந்தார்கள். அன்றைக்கு ஆரம்பித்த நடை.

கேள்வி சும்மா இருக்கவில்லை. சடையப்பன் அதைத் தனக்கு மேலே இருந்தவரிடம் கேட்டார். அவர் தனக்கு மேலே கேட்டார். யாரும் கீழே இருப்பவனிடம் 'தெரியவில்லை' என்று சொல்லவில்லை. உச்சிக்குப் போன கேள்வி, சித்திரை மாதம் ஒரு குழுவாகக் கீழே இறங்கி வந்தது. மூடுபனி விளக்கு மிகையொளி ஒப்பீட்டுக் குழு. தலைவர் தெய்வசிகாமணி, செயலாளர் சடையப்பன்.

தெய்வசிகாமணிக்கும் வெளிச்சத்துக்கும் என்ன சம்பந்தம் என்று நாலு இடத்தில் விசாரித்தேன். இதற்கு முன்பு கோழித் தீவனக் குழு ஒன்றுக்குத் தலைவராக இருந்தவராம். அந்த அறிக்கை இன்னும் வரவில்லை. கோழிகள் காத்திருந்து பார்த்துவிட்டுப் போய்ச் சேர்ந்துவிட்டன.

முதல் அமர்வு உப்பளத்து வளைவை ஒட்டிய திடலில் நடந்தது. நல்ல மத்தியானம். அலுவலக நேரம் அதுதானே. பந்தல், பொன்னாடை, குத்துவிளக்கு. கடல் காற்று குத்துவிளக்கை ஏற்ற விடவில்லை. தீக்குச்சிப் பெட்டி தீரும்வரை முயன்றுவிட்டு, விளக்கு ஏற்றப்பட்டதாக மைக்கில் அறிவித்தார்கள். எல்லோரும் கை தட்டினோம்.

தெய்வசிகாமணி பேசினார்.

"நான் சர்வீசுக்கு வந்த நாள்லேருந்து இருட்டுன அப்புறம் ரோட்டுக்குப் போனதில்ல. ஏன்? எதிர்ல வர்ற லைட்டுன்னா எனக்குப் பயம். அதனாலதான் உங்க கஷ்டம் எனக்கு நல்லாத் தெரியும். ஒரு விளக்கு எவ்வளவு பிரகாசமா இருக்கணும்? தேவையான அளவுக்கு இருக்கணும். தேவை எவ்வளவு? அது விளக்கைப் பொறுத்தது. இந்த உண்மையைக் கண்டுபிடிக்காம நாங்க ஓய மாட்டோம்."

பிறகு ஒப்பீடு. அந்தோணிராஜின் வண்டியை நடுவில் நிறுத்தி, பக்கத்தில் வேறு வேறு விளக்கு மாட்டிய வண்டிகளை நிறுத்தினார்கள். சடையப்பன் எங்கிருந்தோ இரவல் வாங்கிய ஒளிமானியை எடுத்து நீட்டினார். எதிரே ஆள் உயரத்துக்கு உப்புக் குவியல்கள், மேலே சித்திரை வெயில். வெறும் கண்ணாலேயே பார்க்க முடியாத வெண்மை. கருவி தன்னால் முடிந்த கடைசி எண்ணைக் காட்டிவிட்டு நின்றுகொண்டது. வெள்ளை விளக்குக்கும் அதே எண், மஞ்சள் விளக்குக்கும் அதே எண். ஒரு வண்டியில் விளக்கைப் போட மறந்திருந்தார்கள், அதற்கும் அதே எண்.

பாத்தியோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்த கொளஞ்சியம்மாள் சொன்னாள்: "என் வாயில ரெண்டு பல்லு ஓட்ட கீது பாரு, அதுக்குள்ள வெச்சி அளந்தாலும் அதே நம்பருதான் வரும்."

குழு இரண்டு முடிவுகளை அறிவித்தது. ஒன்று, எல்லா விளக்குகளும் சமம். இரண்டு, மரக்காணம் உப்பளப் பகுதி இயல்பாகவே ஒளி மிகுந்தது. இந்த இரண்டாவது முடிவை மின்சாரக்காரர்கள் உடனே மதித்தார்கள். வளைவில் ஒரு கம்பத்து விளக்கு வேண்டும் என்று ஊர் ரொம்ப நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தது; ஒளி மிகுந்த இடத்துக்கு விளக்கு எதற்கு என்று அதை முடித்துவைத்தார்கள்.

அந்தோணிராஜ் தயங்கித் தயங்கித் தலைவரிடம் போனான். "எல்லா லைட்டும் ஒன்னுதான்னு சொல்லிட்டீங்களே சார். வண்டிய எடுத்துக்கினு போகட்டுமா?"

தெய்வசிகாமணி அவன் தோளில் கை போட்டார். "தம்பி, அது இப்ப வண்டி இல்லப்பா. ஒப்பீட்டுப் பொருள். மத்த வெளிச்சத்தையெல்லாம் இதை வெச்சித்தான் அளக்கணும். தராசுப் படிக்கல்ல யாராவது வீட்டுக்குத் தூக்கினு போவாங்களா?"

வண்டியைத் திடலிலேயே நிறுத்தி, தார்ப்பாய் போட்டு, 'ஒப்பீட்டுப் பொருள். தொடாதே' என்று பலகை மாட்டிவிட்டார்கள். பாட்டரி மட்டும் அவனுடைய பொறுப்பு. ஆய்வு நடக்கும்போதெல்லாம் சார்ஜ் ஏற்றிக் கொண்டு வந்து மாட்ட வேண்டும். வண்டி ஓட்டியவன் உப்பு மூட்டை தூக்கப் போனான். அவன் தலையில் மூட்டை ஏறுவதைக் காட்டிலும், தினமும் அந்தப் பலகையைத் தாண்டிப் போவதுதான் அவனுக்குப் பாரமாக இருக்கிறது என்று ஆரோக்கியசெல்வி என்னிடம் சொன்னாள்.

"வெயில் காலத்துல நடந்துடுவோம்" என்றாள் அவனிடம். "பனி வர்றதுக்குள்ள வண்டிய வாங்கிடுங்க. அந்த வளைவுல பஸ்காரன் எவனும் நம்மளப் பாக்க மாட்டான். எனக்கு அதான் பயமா இருக்குது."

பனி வருவதற்குள் வண்டி. அந்தக் குடும்பத்தில் அதற்குப் பிறகு வேறு பேச்சில்லை.

இரண்டாவது அமர்வு ஆடியில். கல்யாணம் இல்லாத மாதம், மண்டபம் சும்மா கிடந்தது. சன்னலெல்லாம் சாக்கால் அடைத்து இருட்டாக்கினார்கள். பனிக்கு எங்கே போவது? பஞ்சாயத்துக் கொசுப்புகை மெஷினை வரவழைத்து உள்ளே ஒரு சுற்று விட்டார்கள். ஒளிமானியைத் திருத்தத்துக்காகச் சென்னைக்கு அனுப்பியிருந்தார்கள். அதற்குப் பதிலாக அந்தோணிராஜை நாற்காலியில் உட்காரவைத்தார்கள்.

"மொத லைட்டப் பாரு. கண்ணு கூசுதா?"

"கூசுது சார்."

"பத்துக்கு எவ்ளோ?"

"பத்து சார். கண்ண மூடிக்கட்டுமா?"

"மூடக்கூடாது. ரெண்டாவது லைட்டு. இப்ப எவ்ளோ?"

"ஒன்னும் தெரியல சார்."

"கூசலையா?"

"கூசல சார். ஒன்னுமே தெரியல."

"எழுதுய்யா" என்றார் தெய்வசிகாமணி, இருமிக்கொண்டே. "ரெண்டாவது விளக்கு, கூச்சம் பூஜ்யம். மிகச் சிறந்தது."

அன்று அவனை ஆரோக்கியசெல்வி கையைப் பிடித்து வீட்டுக்கு அழைத்து வந்தாள். பார்வை பொழுது சாயும்போது திரும்பியது. மண்டபத்தில் மட்டும் அதற்குப் பிறகு கொசுவே இல்லை. குழுவால் மக்களுக்குக் கிடைத்த நேரடிப் பயன் என்று அதையும் அறிக்கையில் சேர்த்துக்கொண்டார்கள்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் உப்பளமும் குழுவும் ஓய்ந்து கிடந்தன. மார்கழியில் பாத்தியைச் சீர் பண்ணப் பெண்கள் மறுபடி நடக்க ஆரம்பித்தார்கள். பனியும் வந்துவிட்டது. வண்டி வரவில்லை.

அந்தோணிராஜ் ஆபீஸ் வாசலில் போய் நின்றான். சடையப்பன் நல்ல சேதி சொன்னார். இயற்கைப் பனியில் ஓர் ஆய்வு, அதுதான் கடைசி. முடிந்ததும் வண்டியை அவன் கையில் ஒப்படைத்துவிடுவார்கள்.

ஆய்வு நாள் குறித்தார்கள். அன்றைக்குப் பனி அதிகமாக இருந்ததால் குழுவால் வர முடியவில்லை. 'கடும் பனிமூட்டம் காரணமாக மூடுபனி ஆய்வு ஒத்திவைக்கப்படுகிறது' என்று திடலில் ஒட்டிவிட்டுப் போனார்கள். அடுத்த முறை வந்தார்கள். டிபன் முடித்து வருவதற்குள் பனி போய்விட்டது. பனியின் ஒத்துழைப்பின்மை குழுவுக்கு வருத்தமளிப்பதாகத் தெய்வசிகாமணி சொன்னார்.

"பனி எப்ப இருக்குதுன்னு அந்த ஆபீசருங்களுக்குத் தெரியலியா?" என்றாள் கொளஞ்சியம்மாள். "நாங்க நடக்கற நேரத்துக்கு வரச் சொல்லுடா. வந்து பாத்துட்டு வண்டிய குடுத்துத் தொலைக்கட்டும்."

நியாயமான யோசனை. அந்தோணிராஜும் போய்ச் சொன்னான்: "விடியறதுக்கு முன்னால வாங்க சார். அந்த வளைவுல அப்ப எதுவுமே தெரியாது."

"வெரி குட். எதுவுமே தெரியாது இல்ல?" என்று இரண்டு முறை கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டார் தலைவர்.

இதற்குள் குழு தன் நடுநிலைமையையும் காப்பாற்ற வேண்டியிருந்தது. முடிவு வரும்வரை உறுப்பினர் யாரும் எந்த ஃபாக் லைட்டையும் போடக்கூடாது, போட்டால் அந்த விளக்குக்குச் சாதகம் செய்தது போல் ஆகிவிடும் என்று ஓர் உத்தரவு. தலைவரின் ஜீப்பில் அரசாங்கமே மாட்டிக் கொடுத்த ஃபாக் லைட் இரண்டின் மேலும் கறுப்பு டேப் ஒட்டினார்கள். ஒட்டியவர் டிரைவர் மாயவன். அதற்குப் பிறகு நடந்ததை அவர்தான் டீக்கடையில் சொன்னார். சொல்லும்போது கிளாசைக் கீழே வைத்துவிட்டார்.

ஆய்வுக்காக விடியுமுன் கிளம்பிய அன்றைய பனியில் ஹெட்லைட் வெளிச்சம் போட்ட இடத்திலேயே வெள்ளைச் சுவராக நின்றதாம். மாயவன் ஊர்ந்துதான் வந்திருக்கிறார். பின் சீட்டில் தலைவரும், மடியில் ஒளிமானியோடு சடையப்பனும்.

"ஐயா, ரோடு தெரியல."

"தெரியாமதான்யா இருக்கணும். தெரிஞ்சா அப்புறம் ஆய்வு எதுக்கு? வேகமாப் போ, பனி கலைஞ்சிடப் போகுது."

வளைவு வந்தது. தெய்வசிகாமணி முன்னால் குனிந்து சொன்னார்: "ஹெட்லைட்ட அணை. ஆய்வுக் களத்துல வெளி வெளிச்சம் கலக்கக் கூடாது."

"ஐயா, பொம்பளைங்க நடக்கற நேரம்."

"வெளிச்சம் மிகுந்த பகுதின்னு நாமளே ரிப்போர்ட் குடுத்திருக்கோம். அணைய்யா."

மாயவன் அணைத்தார்.

திடலில் அந்தோணிராஜ் பாட்டரியை மாட்டி, தார்ப்பாயை முன்பக்கம் மட்டும் விலக்கிவிட்டு வண்டிப் பக்கத்தில் காத்திருந்தான். இன்றோடு முடிந்துவிடும் என்று முகம் கழுவி, நல்ல சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தான். ஜீப் சத்தம் கேட்டது. ஜீப் தெரியவில்லை. ரோட்டில் பெண்கள் பேசிக்கொண்டு வருவது கேட்டது, அவர்களும் தெரியவில்லை. கொளஞ்சியம்மாள் யாரையோ ஏசிக்கொண்டு வந்தாள். அந்த ஏச்சு பாதியில் நின்றது.

அவன் வண்டிக்குள் பாய்ந்து ஃபாக் லைட்டைப் போட்டான்.

பனிக்கு அடியில், தரையோடு தரையாக, அந்த வெளிச்சம் ரோடு வரைக்கும் போனது. வாய்க்கால் கரை தெரிந்தது. கறுப்பு டேப் ஒட்டிய ஜீப் தெரிந்தது. சிதறிக் கிடந்த சாப்பாட்டு டப்பாக்கள் தெரிந்தன. மண்டியிட்டு அலறிக்கொண்டிருந்த ஆரோக்கியசெல்வி தெரிந்தாள். அவள் மடியில் கொளஞ்சியம்மாள். கண் திறந்திருந்தது, வாய் அசைந்தது.

அந்தோணிராஜ் ஓடினான். ஜீப்பிலிருந்து இறங்கிய தெய்வசிகாமணி முதலில் ஜீப்பைப் பார்த்தார், அப்புறம் பெண்களைப் பார்த்தார், கடைசியில் வெளிச்சம் வந்த பக்கம் திரும்பினார்.

"சடையப்பா, இவ்வளவு தூரத்துக்குத் தெளிவாத் தெரியுதே!"

"தெரியுது சார். மீட்டரும் வேல செய்யுது சார்."

"ஜீப்பக் குடுங்க சார், ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவணும்" என்றான் அந்தோணிராஜ்.

"சம்பவம் ஆன வண்டிய நகத்தக் கூடாதுப்பா, அது சட்டம். ஆம்புலன்சுக்குச் சொல்லு. நீ போய் அந்த லைட்ட மட்டும் அணைக்காமப் பாத்துக்க. ரீடிங் எடுத்துடறோம். இந்த மாதிரிப் பனி மறுபடி எப்பக் கெடைக்கும்?"

ஆம்புலன்சுக்காரருக்கு இடம் சொன்னார்கள். பனியில் மெதுவாகத்தான் வர முடியும் என்றார்.

அந்தோணிராஜ் திரும்பிப் போனான். லைட்டைப் பார்த்துக்கொள்ளத்தான் போகிறான் என்று சடையப்பன் கருவியை நீட்டினார். அவன் தார்ப்பாயை இழுத்துக் கீழே போட்டான். பலகையைப் பிடுங்கி எறிந்தான். ஒரு வருஷமாக ஓடாத வண்டி ஏழெட்டு முறை இருமிவிட்டுக் கிளம்பியது. கொளஞ்சியம்மாளைப் பின்னால் தூக்கிக் கிடத்தினார்கள், ஆரோக்கியசெல்வி தலையைத் தாங்கிக்கொண்டாள். "நில்லுய்யா, அது ஒப்பீட்டுப் பொருள்!" என்று தெய்வசிகாமணி கொஞ்ச தூரம் ஓடி வந்தாராம். வெளிச்சம் போய்விட்டதால் எங்கே ஓடுகிறோம் என்று அவருக்குத் தெரியவில்லை.

புதுச்சேரிப் பெரிய ஆஸ்பத்திரிக்குத்தான் ஓட்டினான். எதிரே வந்தவர்கள் ஹாரன் அடித்தார்கள், கெட்ட வார்த்தையில் திட்டினார்கள். அவன் லைட்டை அணைக்கவில்லை. கீழ்புத்துப்பட்டு தாண்டும்போது, "நிறுத்துங்க" என்று பின்னாலிருந்து ஆரோக்கியசெல்வி கண்ணாடியைத் தட்டினாள். அவசரமில்லை என்று அவனுக்குப் புரிந்தது.

இரங்கல் கூட்டத்தைக் குழுவே நடத்தியது. தெய்வசிகாமணி கண்ணைத் துடைத்துக்கொண்டுதான் பேசினார். பொய் சொல்லக் கூடாது, நிஜமாகவே ஈரம் இருந்தது.

"எந்த விளக்கும் எரியாதபோது பனியில பார்வைத் தூரம் எவ்வளவுங்கற விவரம் நம்மகிட்ட இல்லாம இருந்துது. நம்ம ஆய்வுல அது ஒரு பெரிய குறை. அம்மையார் கொளஞ்சியம்மாள் அந்தக் குறையத் தீத்து வெச்சாங்க. அவங்க உப்பளத் தொழிலாளி மட்டும் இல்ல, இந்தக் குழுவோட கௌரவ உறுப்பினர்னே நான் சொல்லுவேன்."

ஒரு பொன்னாடை வாங்கி வைத்திருந்தார்கள். அவளுக்குப் பிள்ளைகுட்டி இல்லாததால் யாருக்குப் போர்த்துவது என்று கொஞ்ச நேரம் தடுமாறினார்கள். பிறகு தலைவருக்கே போர்த்தினார்கள்.

ஜீப் மேல் வழக்கு ஏதும் நிற்கவில்லை. நடந்தவர்கள் மேல் வெளிச்சம் இல்லாததே காரணம் என்று எழுதினார்கள். அந்தோணிராஜை ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டார்கள். நானும் கூடப் போயிருந்தேன். இதற்கெல்லாம் போகாமல் இருக்க என்னால் ஆகாது.

"ஆய்வுல இருந்த பொருள அனுமதி இல்லாம எடுத்திருக்க" என்றார் அங்கிருந்தவர். "தொடக்கூடாதுன்னு போர்டு இருந்துதா இல்லியா?"

"இருந்துது சார்."

"படிச்சியா?"

"தெனமும் படிப்பேன் சார்."

"அப்புறம் ஏன்யா தொட்ட?"

"வண்டியத் தொடாதன்னுதான் சார் எழுதியிருந்துது. அந்தம்மாவத் தொடாதன்னு எங்கியும் எழுதல. அவங்கள எடுத்துக்கினு நடந்து போவ முடியாதுன்னு வண்டியையும் எடுத்துட்டேன்."

அதை எப்படி எழுதுவது என்று தெரியாமல் அவர் பேனாவை மூடிவிட்டார். வண்டியை மறுபடி திடலுக்கே கொண்டுபோய் நிறுத்தினார்கள். ஒரு முறை ஓடிவிட்டதால் பழைய ஒப்பீடுகள் எல்லாம் செல்லாதாம், முதலிலிருந்து தொடங்க வேண்டுமாம். அதற்குக் குழுவுக்கு இன்னொரு வருஷம் நீட்டிப்புக் கிடைத்திருக்கிறது.

ஸ்டேஷனுக்குப் போய் வந்த மறுநாளும் பனி இறங்கியிருந்தது. பாத்தி வேலை காத்திருக்காது, பெண்கள் புறப்பட்டார்கள். ஒருத்தி முந்தானையை இன்னொருத்தி பிடித்துக்கொண்டு வரிசையாகப் போனார்கள். எல்லாருக்கும் முன்னால் ஆரோக்கியசெல்வி தன் செல்போன் டார்ச்சைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு நடந்தாள். அந்த வெளிச்சத்தை இன்னும் யாரும் அளக்கவில்லை.